பெர்ட்ராம் 31: பழைய தூண்டில் படகுக்கு இரண்டு புதிய எஞ்சின்கள்

வால்வுத் தண்டின் மேல் படிந்திருந்த கறுப்புப் பிசினைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். தார் போல ஒட்டியது. நகத்தால் சுரண்டியபோது சுருண்டு வந்தது. எஞ்சினுக்குள் கரி பார்த்திருக்கிறேன், எரிந்த எண்ணெய்ப் படிவு பார்த்திருக்கிறேன். இது இரண்டிலும் சேராதது. எட்டு இன்டேக் வால்வுகளில் மூன்று அசையவே இல்லை. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டுகளான புஷ்ராடுகளில் இரண்டு வில்லாக வளைந்து கிடந்தன.

அது 2006 அக்டோபர். நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியில், மான்டாக்குக்குப் பக்கத்திலுள்ள சிறிய படகுப் பட்டறை. பதினாறு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்துவிட்டு, கரையில் படகுகளைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் வேலைக்கு அப்போதுதான் வந்திருந்தேன். படகின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய தந்தை வாங்கிய படகு. கோடை முழுவதும் இரண்டு எஞ்சின்களும் இருமிக்கொண்டே ஓடியதாகவும், கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை என்றும் சொன்னார். ஆகஸ்டில் கரைக்கு நாற்பது மைல் வெளியே ஓர் எஞ்சின் நின்றுபோனது. மற்றதைக் கொண்டு ஏழு மணி நேரம் ஊர்ந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நோய் எஞ்சினில் இல்லை, டாங்கில் இருந்தது. பெட்ரோலில் ஆக்சிஜன் சேர்ப்பதற்காகக் கலந்துவந்த எம்டிபிஇ என்ற வேதிப்பொருள் நிலத்தடி நீரில் இறங்கியதால், நியூயார்க்கும் கனெக்டிகட்டும் 2004 ஜனவரி முதல் அதைத் தடை செய்தன. அதன் இடத்துக்கு வந்தது 10 சதவீத எத்தனால். இந்தப் படகின் டாங்க் ஃபைபர்கிளாஸில் செய்தது. 1960களிலும் 70களிலும் அது நல்ல வேலை என்றே மதிக்கப்பட்டது. துருப்பிடிக்காது, படகின் உடலோடு சேர்ந்தே நிற்கும். ஆனால் ஃபைபர் இழைகளைப் பிணைக்கும் பசையான அந்தக் காலத்துப் பாலியெஸ்டர் ரெசின் சாராயத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. கரைந்தது பெட்ரோலோடு கலந்து வடிகட்டியையும் தாண்டியது. சூடான வால்வுத் தண்டின் மேல் பெட்ரோல் ஆவியாக, ரெசின் மட்டும் பிசினாகத் தங்கிவிட்டது. லாங் ஐலண்ட் கரை நெடுகப் பழைய படகுகள் பலவற்றுக்கு அந்த ஓரிரு ஆண்டுகளில் இதே கதி நேர்ந்தது. தன் டாங்கைத் தானே குடித்துச் சாகும் எஞ்சின்களை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

உரிமையாளர் கேட்டது ஒன்றுதான்: “இதற்கு மேல் செலவு செய்யத் தகுந்த படகா இது?”

அந்தக் கேள்விக்கு உடலைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். பெர்ட்ராம் 31 என்ற இந்தப் படகின் அடிவடிவம் ரே ஹன்ட் என்ற வடிவமைப்பாளர் தந்தது. நீரில் நிற்கும் அடிப்பாகம் பின்கோடி வரைக்கும் ஆழமான ‘வி’ ஆகவே வரும். பின்புறத்திலும் ஏறத்தாழ 24 பாகைச் சாய்வு. அதற்கு முந்தைய விசைப்படகுகள் முன்னால் கூர்மையாகத் தொடங்கிப் பின்னால் தட்டையாகிவிடும். அலையின் மேல் வேகமாகப் போகும்போது அந்தத் தட்டைதான் அறை வாங்கும். 1958இல் நியூபோர்ட்டில் ஹன்ட்டின் சிறிய படகொன்று கொந்தளிப்பில் ஓடுவதைக் கண்ட மயாமி படகு வணிகர் டிக் பெர்ட்ராம், தமக்கு முப்பது அடியில் ஒன்று வேண்டும் என்று கேட்டு மரத்தில் கட்டிக்கொண்டார். அதற்குத் தம் மனைவியின் செல்லப்பெயரான ‘மாப்பி’ என்பதையே வைத்தார். 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவு நகருக்கு நடந்த விசைப்படகுப் பந்தயத்தில், மற்றவர்கள் திணறிய கடலில், மாப்பி எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வந்த படகு இரண்டு மணி நேரம் கழித்தே வந்தது. அதுவும் ஹன்ட் வரைந்ததுதான். மாப்பியின் வடிவத்திலிருந்து உருவான ஃபைபர் படகே 31. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆயிரத்து எண்ணூறுக்கும் அதிகமாகக் கட்டினார்கள்.

அடிப்பாகம் முழுவதும் கெட்டியான ஃபைபர். நடுவில் மரமோ நுரையோ இல்லை. பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனேன். முன்கோடியிலிருந்து பின்கோடி வரை ‘டக் டக்’ என்று கல்லைத் தட்டுவது போன்ற ஒரே ஓசை. சுக்கான் பொருத்திய இடத்துக்கு மேலே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஓசை மங்கியது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய உடலுக்கு அது ஒரு குறையே அல்ல. செலவு செய்யலாம் என்றேன்.

இனிப் பெட்ரோலா, டீசலா? புதிய டாங்க் போட்டு, இதே போன்ற பெட்ரோல் எஞ்சின்களை இறக்குவது மலிவு. பட்டறையில் பெரும்பாலோர் அதைத்தான் சொன்னார்கள். நான் கணக்கு எழுதிக் காட்டினேன். மான்டாக்கிலிருந்து சூரை மீன் தேடிப் போகிறவர்கள் கண்டத்திட்டின் விளிம்பிலுள்ள கடலடிப் பள்ளத்தாக்குகளுக்குப் போக வேண்டும். ஒரு வழிக்கே அறுபது கடல் மைலுக்கு மேல். பழைய எஞ்சின்களில் படகு 21 நாட் (மணிக்கு 21 கடல் மைல்) வேகத்தில் மணிக்கு 105 லிட்டர் குடித்தது, அதாவது கடல் மைலுக்கு 5 லிட்டர். டாங்க் 840 லிட்டர். மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துக்கொள்வது கடலோடியின் விதி. மீதியில் 112 மைல்தான் ஓட முடியும். போனால் திரும்பி வர எண்ணெய் கிடையாது. இத்தனை ஆண்டுகளாக ஒதுக்கீட்டைத் தின்றுகொண்டேதான் போய் வந்திருக்கிறார்கள். இன்னொன்று: இந்தப் படகில் எஞ்சின்கள் தளத்தின் நடுவே, இருக்கையாகவும் பயன்படும் இரண்டு பெட்டிகளுக்குள் இருக்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, ஆட்கள் நிற்கும் பலகைக்கு அடியிலேயே தங்கும். எனக்கு இந்த இரண்டாவது காரணமே போதும்.

டீசல் என்று முடிவானதும் எடையின் பேச்சு தொடங்கியது. இந்த வேலை முழுவதும் எடையின் கதைதான். புதிய எஞ்சின் என்றதும் எல்லோரும் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது கிலோவை.

கழற்றத் தொடங்கும் முன், படகு நீரில் இருந்தபோதே, நீர்மட்டம் தொட்ட இடத்தை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு மூலையிலும் மெழுகுப் பென்சிலால் குறித்தோம். பளுதூக்கியில் தூக்கும்போது அதன் எடைமானி காட்டியதை எழுதிக்கொண்டோம். பிறகு ஒரு நோட்டுப் புத்தகம். வெளியே போகும் ஒவ்வொன்றும் தராசில் ஏறி இடப்பக்கத்தில் பதிவாகும், உள்ளே வருவது வலப்பக்கத்தில். பழைய பெட்ரோல் எஞ்சின் கியரோடு 497 கிலோ வந்தது. டீசல் என்றால் கனம் என்பது பொதுவான எண்ணம். அது எஞ்சினைப் பொறுத்தது. எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கம்மின்ஸ் 5.9 லிட்டர்: மெதுவாகச் சுழல்வது, முரட்டு உழைப்பாளி, மீனவர்கள் கோயில் கட்டாத குறையாகப் போற்றுவது. மற்றது யான்மார் 6எல்பிஏ: டொயோட்டா லேண்ட் க்ரூசர் வண்டியின் 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கடலுக்கு மாற்றியமைத்தது, நிமிடத்துக்கு 3,800 சுற்றில் 315 குதிரைத்திறன். தொழிலுக்கு ஓடும் படகாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கம்மின்ஸ்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எஞ்சின் ஒன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் கூடுதல். இந்த உடல் பின்புறம் அமிழ்ந்தால் முகம் தூக்கிக்கொண்டு ஓடும். அப்போது அந்த ஆழமான முன்பகுதி அலையை வெட்டாது, அறையும். எந்த வடிவத்துக்காக இந்தப் படகைக் காப்பாற்றுகிறோமோ அதையே இழப்போம். யான்மார் கியரோடு 480 கிலோ வந்தது. அதையே எடுத்தோம். வருடத்துக்கு இருநூறு மணி நேரம் ஓடும் படகுக்கு அது நிறைவான தேர்வு என்று இன்றும் நினைக்கிறேன்.

குளிர்காலம் முழுவதும் கொட்டகைக்குள் வேலை. வெளியே பனி. ரெசின் இறுகுவதற்காக உள்ளே அடுப்பு மூட்டி வைத்திருந்தோம். தளத்தை அறுத்துத் திறந்தபோதுதான் பழைய டாங்கின் உட்புறத்தைப் பார்த்தேன். மழுமழுவென்று இருக்க வேண்டிய சுவர், நனைந்த அட்டை போல நார் நாராக எழும்பி நின்றது. அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. புதியது 5 மில்லிமீட்டர் கனமுள்ள கடல்தர அலுமினியத்தில், 760 லிட்டருக்கு. பெட்ரோலைவிட டீசல் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் கனம் என்பதால் கொள்ளளவை வேண்டுமென்றே குறைத்தோம். டீசல் எஞ்சின் தான் எரிக்காத எண்ணெயைத் திருப்பி அனுப்பும், அதற்கெனத் தனிக் குழாய் வேண்டும். பெட்ரோல் டாங்கில் அந்த வாயே கிடையாது. அலுமினியத்துக்கு எதிரி அதன் அடியில் தேங்கும் ஈரம். அதனால் டாங்கை நுரையில் புதைக்கவில்லை. ஈரம் உறிஞ்சாத கெட்டி பிளாஸ்டிக் பட்டைகளை அடியில் ஒட்டி, தண்ணீர் வழிந்தோடவும் காற்று நுழையவும் இடம் விட்டு அமர்த்தினோம். மூடுவதற்கு முன் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு காற்றழுத்தம் ஏற்றி, சோப்பு நீர் பூசி, வெல்டிங் தையல்கள் ஒவ்வொன்றையும் விளக்கு பிடித்துப் பார்த்தேன். குமிழ் ஒன்றும் இல்லை.

எஞ்சின் அமர்ந்திருந்த தாங்குகட்டைகளில், போல்ட் இறங்கிய இடங்களில் மட்டும் உள்மரம் மக்கியிருந்தது. ஃபைபரில் துளையிட்டு அதற்குள் தண்ணீர் இறங்கவிட்டால் எந்தப் படகிலும் நடப்பதுதான் இது. மக்கியதைத் தோண்டி எடுத்து, எபாக்ஸி நிரப்பி, மேலே புதிய ஃபைபர் போர்த்தினோம். பாரத்தைப் பரப்புவதற்காக நீளமான எஃகுக் கோணச் சட்டம் வைத்தோம். மின்கம்பிகள் முழுவதும் ஈயம் பூசிய செம்புக்கு மாறின, பெயின்ட் வேலையும் நடந்தது. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரிவது பெயின்ட்தான். ஆனால் இந்தப் படகின் உயிர் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் குழாயில் இருந்தது.

அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எஞ்சினைச் சுற்றிவந்த கடல்நீரை எக்ஸாஸ்ட் குழாய்க்குள் பீய்ச்சி, புகையைக் குளிர்வித்து, நீரும் புகையுமாகப் பின்சுவர் வழியே வெளியேற்றுவது வழக்கம். நீர் நுழையும் இடத்தில் குழாய் வளையும் முழங்கை கடல்மட்டத்துக்கு நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால், எஞ்சின் ஓயும்போதோ பின்னாலிருந்து அலை தள்ளும்போதோ நீர் திரும்பி ஏறி, புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்குள்ளும் அங்கிருந்து சிலிண்டருக்குள்ளும் போய்விடும். தூண்டில் படகுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. பெரிய மீன் தூண்டிலைக் கவ்வி ஓடும்போது, ரீலில் நூல் தீர்வதற்குள் படகைப் பின்னோக்கிச் செலுத்தி அதைத் துரத்துவார்கள். பின்சுவரில் கடல் சுவராக எழும்பி மோதும், எக்ஸாஸ்ட் வாய்கள் இரண்டும் அமிழ்ந்துவிடும். சரக்குக் கப்பலில் பழகிய எனக்கு, ஒரு படகை இப்படியும் ஓட்டுவார்கள் என்பதே முதலில் திகைப்பாக இருந்தது. அதற்குச் சற்று முன் வேறொரு படகில் புத்தம் புதிய டீசல் எஞ்சின் ஒரே பருவத்தில் பிடித்துக்கொண்டு நின்றதைச் சோதித்திருந்தேன். டர்போவின் இறக்கைகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. எஞ்சினோடு வந்த முழங்கையை அப்படியே பொருத்தியிருந்தார்கள். அந்தப் படகில் அது நீர்மட்டத்துக்கு நான்கு விரல் மேலே மட்டுமே இருந்தது.

இங்கும் அதே சிக்கல். தளத்துக்கு அடியில் எஞ்சின் தாழ்வாக உட்காருவதால், டர்போவின் வாய் நீர்மட்டத்தோடு ஒட்டியே வருகிறது. அதனால் 316எல் துருப்பிடிக்காத எஃகில் ஓர் எழுகுழாய் செய்வித்தோம். டர்போவிலிருந்து நேரே மேலே ஏறி, எஞ்சின் பெட்டியின் மூடிக்கு மூன்று விரல் கீழே வளைந்து, அதன்பிறகே கடல்நீரைச் சந்திக்கும். முழு எடையோடு படகு மிதக்கும் நிலையில் நீர்மட்டத்துக்கு மேல் 33 சென்டிமீட்டர் கிடைத்தது. அங்கிருந்து பின்சுவர் வரைக்கும் ஓரிடத்திலும் தொய்வில்லாமல் கீழ்நோக்கியே ஓட்டம். குழாயின் ஏறும் பகுதி உலர்ந்த, பழுக்கக் காயும் இரும்பு. அதற்குக் கண்ணாடி இழைப் போர்வையை மூன்று சுற்றுப் போர்த்தினோம். அட்டையில் வெட்டி மாதிரி செய்து, எஞ்சினின் மேல் வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டி என்று ஒன்பது நாட்கள் இதற்கே போயின. உரிமையாளர் ஒரு சொல் முணுமுணுக்கவில்லை.

காற்றும் அப்படித்தான். 630 குதிரைத்திறன் டீசலுக்கு மூச்சுவிட வழி வேண்டும். குதிரைத்திறனை 3.3ஆல் வகுத்தால் குறைந்த அளவு சதுர அங்குலத்தில் கிடைக்கும் என்பது பட்டறைக் கணக்கு. இங்கே 190 சதுர அங்குலம் தேவை, பழைய திறப்புகள் அதில் பாதிகூட இல்லை. பக்கச் சுவரில் புதிதாகத் திறந்தோம். மூச்சுத் திணறும் டீசல் கறுப்புப் புகையைக் கக்கும். அப்போது எல்லோரும் எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் குறை சொல்வார்கள்.

புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டுகளான ஷாஃப்டுகளை ஒன்றரை அங்குலத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுழற்றித் தந்த அதே விசையை இந்த எஞ்சின், தன் 2.04 சுற்றை ஷாஃப்டின் ஒரு சுற்றாக்கும் கியரின் வழியே மெதுவாக, அழுத்தமாகத் தருகிறது. பழைய ஒன்றேகால் அங்குலக் கம்பி அந்த முறுக்கைத் தாங்காது. புரொப்பெல்லர் 20 அங்குல விட்டம், நான்கு இதழ், 28 அங்குலப் பிட்ச் (ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்) என்று கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்தேன்.

2007 மே முதல் வாரத்தில் படகை நீரில் இறக்கினோம். உடனே எஞ்சினைச் சீரமைக்கவில்லை. நிலத்தில் முட்டுக்கட்டைகளின் மேல் நின்ற உடலும் நீரில் மிதக்கும் உடலும் ஒன்றல்ல. இரண்டு நாள் சும்மா மிதக்கவிட்டு, பிறகு கியரும் ஷாஃப்டும் இணையும் கப்ளிங் முகங்களுக்கு இடையே, இடைவெளியை அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தேன். மேலே 0.22 மில்லிமீட்டர், கீழே 0.05. அனுமதிக்கத்தக்க வேறுபாடு அந்த விட்டத்துக்கு 0.12. முன்கால் நட்டைக் கால் சுற்றுத் திருப்பி, மறுபடி தகட்டை விட்டு, ஷாஃப்டைக் கையால் கால்வட்டம் சுழற்றி, மறுபடி அளந்து, மாலை ஆகிவிட்டது. கடைசியில் நான்கு திசையிலும் 0.08 தகடு வெண்ணெயில் கத்தி போல ஒரே இழுப்பில் வந்தது.

கடல் சோதனையில் என் தவறு வெளிப்பட்டது. டாங்க் நிறைத்து, ஐஸ் ஏற்றி, ஐந்து பேரோடு போனோம். விசையை முழுவதும் திறந்தும் எஞ்சின்கள் 3,500 சுற்றைத் தாண்டவில்லை. 29 நாட் வேகம், பின்னால் சாம்பல் நிறப் புகை. 3,800 சுற்றுக்குக் கட்டிய எஞ்சினை 3,500இல் பிடித்து வைப்பது, மேட்டில் நான்காம் கியரில் லாரியை ஏற்றுவது போன்றது. ஓடும், ஆனால் உள்ளே வெந்துகொண்டே ஓடும். இரண்டு பருவத்தில் பிஸ்டன் போய்விடும். நோட்டைப் புரட்டினேன். புரொப்பெல்லர் கணக்குக்கு நான் எடுத்தது 5,400 கிலோ. அது பளுதூக்கி காட்டிய எடை, டாங்க் காலியாக, ஆள் ஏறாமல். எண்ணெய் 640 கிலோ, ஆட்கள், ஐஸ், தூண்டில் சாமான் எல்லாம் சேர்ந்து மேலும் 1,200 கிலோ. கிராம் கணக்கில் பதிந்துகொண்டே வந்த நான், கடைசி வரியில் படகு எதற்காகக் கடலுக்குப் போகிறது என்பதையே எடைபோடாமல் விட்டிருந்தேன். உரிமையாளரிடம் அப்படியே சொன்னேன். பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைந்தால் இந்தக் கியரில் 150 முதல் 200 சுற்று ஏறும். இரண்டு புரொப்பெல்லர்களையும் கழற்றி, 26 அங்குலத்துக்குத் தட்டி வாங்கி வந்தோம்.

அடுத்த வாரம் அதே எடையோடு அதே இடத்தில் ஓடினோம். 3,820 சுற்று, 31 நாட், புகை இல்லை. பிட்ச்சைக் குறைத்ததால் வேகம் கூடியது, எஞ்சினுக்கு அதன் முழுத்திறனை எட்ட வழி கிடைத்ததால். 3,200 சுற்றில் 25 நாட், மணிக்கு 75 லிட்டர், கடல் மைலுக்கு 3 லிட்டர். மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிய பிறகும் 169 மைல். மெழுகுப் பென்சில் குறிகளில் முன்னிரண்டும் நீர்மட்டத்தோடு ஒத்திருந்தன. பின்னிரண்டு ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்திருந்தன. பேட்டரிகளை எஞ்சின்களுக்கு முன்னால் நகர்த்தியதும் அதுவும் சரியாயிற்று.

செலவு, அந்தப் படகை விற்றால் கிடைக்கும் விலையைத் தாண்டியது. அதை உரிமையாளர் முதல் நாளே அறிவார். விற்பதற்காகச் செய்த வேலை அல்ல அது.

ஜூலையில் என்னையும் அழைத்துப் போனார்கள். பள்ளத்தாக்கின் விளிம்பில் விடியற்காலையில் ஒரு சூரை கவ்வியது. நூல் கத்திக்கொண்டு ஓடியது. மேலே சுக்கானில் இருந்தவர் இரண்டு எஞ்சின்களையும் பின்னோக்கிப் போட்டார். பின்சுவரைத் தாண்டித் தண்ணீர் முழங்கால் வரை வந்து தளத்தில் புரண்டது. எல்லோரும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எஞ்சின் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, சுழலும் ஓசையில் ஒரு விக்கல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்டோபரில் படகைக் கரையேற்றியதும் எழுகுழாயைக் கழற்றி டர்போவின் வாய்க்குள் விரலை விட்டேன். உலர்ந்த மெல்லிய கரி விரலில் பொடியாக ஒட்டியது. ஈரமில்லை, உப்பின் வெள்ளையும் இல்லை. துணியில் துடைத்துவிட்டு, நோட்டில் தேதி போட்டு அதை எழுதி வைத்தேன்.